போன தேதியைச் சொல்லுங்கள்: வேலை விலகல் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆட்கள் நிற்பதில்லை என்று முதலாளிகளும், போக விடுவதில்லை என்று ஊழியர்களும் ஒரே வாரத்தில் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். எப்போதும் 12 பேர் வேலையில் இருப்பார்கள். சென்ற ஆண்டு 15 பேர் விலகினார்கள். விலகல் விகிதம் 125 சதவீதம் என்கிறாள் கணக்கு பார்க்கும் மகள். நூறுக்கு மேல் எப்படிப் போகும்?

பதில்: மகள் கணக்கு சரிதான், தம்பி. ஆண்டில் விலகியவர்களைச் சராசரி ஆள் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஒரே இடத்துக்கு மூன்று பேர் வந்து போனால் மூன்றும் கணக்கில் ஏறும். 1913இல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் இந்த விகிதம் 370 சதவீதம். மறு ஆண்டு ஜனவரியில் நாள் கூலியை 5 டாலராக்கினார் ஹென்றி ஃபோர்டு. வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார். கூலியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், நேரத்தை யாரும் பேசுவதில்லை.

அந்த 125ஐ வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. 15 பேரும் சேர்ந்த தேதி, போன தேதி இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் வாரத்தில் போனவரிடம் ஆள் எடுக்கும்போது சொன்னது ஒன்று, உள்ளே அவர் கண்டது வேறு. மூன்றாம் மாதம் போனவருக்கு உடம்பு தாங்கவில்லை. இரண்டு ஆண்டுகள் இருந்து போனவருக்கு அடுத்த படி கண்ணில் படவில்லை. விதிவிலக்கு உண்டு, ஆனால் குறைவு.

கேள்வி (அதே கடைக்காரர்): எழுதிப் பார்த்தேன். 11 பேர் மூன்று மாதத்துக்குள் போயிருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேலேயே தருகிறேன், சாப்பாடும் உண்டு. வாரத்தில் 6 நாள், காலை 10 முதல் 3 வரை, மாலை 6 முதல் 10 வரை. 9 மணி நேரம்தானே?

பதில்: உங்களுக்கு 9, ஊழியருக்கு 12. நகருக்கு வெளியே பூச்சோங்கிலிருந்து வருபவர் இடையில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியுமா? கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைமேல் படுத்திருப்பார். அதையும் விடுங்கள், 6 நாளுக்கு 54 மணி ஆகிறது. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தின்படி வாரத்துக்கு 45 மணிதான்; முன்பு 48. மாதம் 4,000 வெள்ளி வரை வாங்குபவருக்கு அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். கொடுக்கிறீர்களா? வேலை தொடங்கியதிலிருந்து 10 மணி நேரத்துக்குள், இடை ஓய்வையும் சேர்த்து, வழக்கமான வேலை முடிய வேண்டும் என்ற பொது விதியும் இருக்கிறது.

இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி காலை 9.30 முதல் 6 வரை, மற்றது பிற்பகல் 1.30 முதல் 10 வரை, இடையில் ஒரு மணி ஓய்வு. இருவருக்கும் வாரம் 45 மணி கச்சிதமாக வரும். 12 மணிக் கூட்டத்துக்கு நீங்கள் கல்லாவிலிருந்து எழுந்து இலை போட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. விலகும் எல்லாரும் படிவத்தில் “குடும்பக் காரணம்” அல்லது “கூடுதல் சம்பளம்” என்றே எழுதுகிறார்கள். உண்மையை எப்படி வாங்குவது, அம்மா?

பதில்: வாங்க முடியாது, மகளே. நாளைக்கு நற்சான்றுக் கடிதம் உங்களிடம்தான் கேட்க வேண்டும். அவர் ஏன் உண்மை எழுதப் போகிறார்? 1972இல் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கிய இடம் பாயான் லெப்பாஸ். ஒரு தொழிற்சாலையில் மனம் கசந்தால் அடுத்த தொழிற்சாலைக்கு நடந்தே போய்விடலாம். “கூடுதல் சம்பளம்” என்று எழுதுவது சண்டையில்லாமல் வெளியே வர ஒரு வழி.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஓர் ஆண்டு, ஆறு வாரத்துக்குள் உற்பத்திப் பிரிவில் பெண்கள் வரிசையாக விலகினார்கள். படிவங்கள் எல்லாவற்றிலும் சம்பளம்தான் காரணம். மேலிடம் 80 வெள்ளி கூட்டித் தரவும் தயாரானது. நான் போன தேதிகளைப் பரப்பி வைத்தேன், பக்கத்தில் முகவரிகளையும் வைத்தேன். ஏறக்குறைய எல்லாரும் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணிப் பக்கம், ஒரே தொழிற்சாலை பஸ். விசாரித்தால், செலவைக் குறைக்க இரண்டு பஸ் தடங்களை ஒன்றாக்கியிருந்தார்கள், 5.10க்கு வந்துகொண்டிருந்த பஸ் 4.30க்கு வரத் தொடங்கியது. பிள்ளைகளை எழுப்பிப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வரும் பெண்களுக்கு அந்த 40 நிமிடம்தான் எல்லாமும். பஸ்ஸைப் பழையபடி விட்டோம், விலகல் நின்றது. 80 வெள்ளி கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் கழித்துப் போயிருப்பார்கள்.

படிவத்தைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவில்லை. விலகிய மூன்று மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு செய்து பாருங்கள். அப்போது பேசுவார்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் அழைப்பு மையத்தில் வேலை. “நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பெயர் கெடாது” என்று அறைக்குள் வைத்து நெருக்குகிறார்கள், அக்கா.

பதில்: எழுதாதே. இன்று அறையில் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நேரத்தோடு குறித்து வை. கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கமே என்று வாதாட இடமுண்டு. 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டமும் தானாக விலகியவருக்குக் கிடையாது. அவர்கள் நீட்டும் தாளில் நீ இழப்பது இரண்டு.

கேள்வி: போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். பயிற்சிச் செலவையும் திருப்பிக் கேட்கிறார்கள்.

பதில்: இரண்டும் வேறு வேறு. வேலை முடிந்த பிறகு இன்ன இடத்தில் சேராதே என்று தடுக்கும் விதி 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. பயிற்சிச் செலவு அப்படியல்ல; உண்மையாகவே செலவு செய்து, தொகையும் காலமும் நியாயமாக இருந்தால் கொடுக்க வேண்டி வரலாம். ரசீது கேளுங்கள். நிறுவன ரகசியங்களை எடுத்துப் போகவும் உரிமை இல்லை.

கேள்வி: முன்னறிவிப்பு எத்தனை வாரம்? ஒப்பந்தத்தில் ஒன்றுமில்லை.

பதில்: 2 ஆண்டுக்குக் கீழ் 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6, அதற்கு மேல் 8. முதலாளிக்கும் அதே கணக்கு.

கேள்வி: தீபாவளிக்கு விடுப்பு தர மறுத்தால் சட்டப்படி கேட்கலாமா?

பதில்: பலருக்குத் தெரியாத இடம் இது. ஆண்டுக்கு 11 பொது விடுமுறை கட்டாயம், ஆனால் பெயர் சொல்லி வகுத்தவை 5 மட்டுமே. மீதி 6ஐ முதலாளி தேர்ந்தெடுத்து முன்கூட்டியே அறிவிக்கலாம். தீபாவளி அந்தப் பட்டியலில் இல்லையென்றால், டிசம்பரில் புதிய பட்டியல் ஒட்டும் முன்பே கேளுங்கள். இந்தியர் பலர் வேலை செய்யும் இடத்தில் அதை விட்டுவிடும் மேலாளரின் புத்தியை என்னவென்று சொல்வது!

கேள்வி: அம்மா, நீங்கள் மட்டும் 26 ஆண்டுகள் ஒரே இடத்தில் எப்படி இருந்தீர்கள்?

பதில்: இரண்டு முறை கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். முதல் முறை கொடுக்கத் துணிவில்லை. இரண்டாம் முறை மேலாளரே பார்த்துவிட்டார். மகளைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து அழைத்து வர யாருமில்லை என்றேன். மதிய உணவு நேரத்தை 1.15க்கு மாற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான். அவர் மாற்றலாகிப் போனதும் மூன்றாவது கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மகள் தானே பஸ் ஏறப் பழகியிருந்தாள்.