பெட்டி படுக்கை: ஜன்னல் இல்லாத அழகான அறை

(சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் பதினொரு வருஷம் ரிசப்ஷனில் நின்றவர், இப்போது தஞ்சாவூரில் இருக்கிறார். வாசகர்களின் பயணக் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறார்.)

மே மாதம் நான், கணவர், ஒன்பது வயதுப் பையன் மூவரும் சிங்கப்பூர் போகிறோம். லிட்டில் இந்தியாவில் பழைய கட்டடத்தில் ஒரு ஹோட்டல், படத்தில் அவ்வளவு அழகு. பெரிய ஹோட்டல்களின் விலையில் பாதிதான். ஆனால் ‘ஜன்னல் இல்லாத அறை’ என்று போட்டிருக்கிறது. படத்திலோ திரைச்சீலை தெரிகிறது. எடுக்கலாமா?
- வாசகி, மதுரை

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் தொங்குகிறதே, அந்தத் திரைச்சீலையை விலக்கினால் சுவர்தான் இருக்கும்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடங்களின் அமைப்பு அப்படி. கடைவீடு என்போம், கீழே கடை, மேலே வீடு. வாசலை ஒட்டி மழைக்கு ஒதுங்க ஒரு நடைபாதை இருக்கும், அதற்கு அஞ்சடி என்று பெயர். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-ல் போட்ட நகரத் திட்டத்திலேயே அது உண்டு. முகப்பு ஐந்தாறு மீட்டர்தான். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் அடுத்த கடைவீட்டோடு பொதுச் சுவர். வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு முற்றம், காரைக்குடி வீட்டு முற்றத்தை ஒடுக்கி வைத்த மாதிரி. 1989-ல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டார்கள். முகப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்கவும் வழியில்லை. ஆக, ஒரு மாடியில் எட்டு அறை போட்டால் முன்னால் இரண்டுக்கும் பின்னால் இரண்டுக்கும்தான் ஜன்னல். மீதி நாலுக்குத் திரைச்சீலை.

தனி ஆளுக்கு அது போதும். இரவு பதினொன்றுக்கு வந்து விழுந்து, காலை எட்டுக்குக் கிளம்புகிறவருக்கு ஜன்னல் எதற்கு? ஆனால் நேரம் குழம்பிப்போகும். ஒருநாள் கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் குளித்து, பட்டையாக விபூதி பூசி, வேட்டி மடிப்புக் கலையாமல் இறங்கி வந்தார். வீரமாகாளியம்மன் கோயில் நடை திறந்திருக்குமா என்று கேட்டார். மணி ஐந்து. மாலை ஐந்து. காலை விமானத்தில் வந்து படுத்தவர், விடிந்துவிட்டது என்று எழுந்திருக்கிறார். வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயிலையும் பஸ்ஸையும் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், “சரி தம்பி, எப்படியும் தரிசனம்தானே” என்று கிளம்பிவிட்டார்.

உங்களுக்கு நான் அந்த அறையைச் சொல்ல மாட்டேன். காரணம் பையன். இந்த மாதிரி அறை குளியலறையையும் சேர்த்தே கிட்டத்தட்ட பத்துக்குப் பத்து அடி. அதில் ஐந்தடி அகலக் கட்டில். கூடுதல் மெத்தை போட இடமிருக்காது, பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்துத்தான் திறக்க வேண்டும். மூன்று பேர் என்று முன்பே சொல்லி, மூவருக்கான அறையாகவே கேளுங்கள். கூடவே ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல்: ஜன்னல் வெளியே பார்க்கிறதா, வராந்தாவையா? லிஃப்ட் இருக்கிறதா? இரண்டாவது கேள்வியை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள். மூன்றாவது மாடி, செங்குத்தான மரப்படி, கையில் இருபத்துமூன்று கிலோ பெட்டி. எங்கள் ஹோட்டலிலும் லிஃப்ட் இல்லை. தூக்கியது நான்தான்.

சிராங்கூன் சாலையைப் பார்த்த முன் அறை என்றால் ஞாயிறு இரவு சத்தம் இருக்கும். தீவு முழுக்க வேலை செய்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் அன்றுதான் அங்கே கூடுவார்கள். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும். தூக்கம் முக்கியம் என்றால் பின் அறை கேளுங்கள்.

இணையத்தில் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பார்த்த அறைக்கு நேரில் ஏறக்குறைய 120 வெள்ளி வாங்கிவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், சேலம்

இல்லை. விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று பொடியாக இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும். முதல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம், இரண்டாவது அதற்கும் மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. 100 வெள்ளி முதலில் 110 ஆகி, பிறகு 119 வெள்ளி 90 காசு ஆகும். மற்றக் கடைகளில் ஜிஎஸ்டி சேர்த்துத்தான் விலை போட வேண்டும்; சேவைக் கட்டணம் வாங்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மட்டும் அதில் விலக்கு. விமான நிலையத்தில் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமே என்று கேட்பீர்கள். அது வாங்கிய பொருளுக்குத்தான், தங்கிய அறைக்குக் கிடையாது.

என் விமானம் காலை ஆறு மணிக்கு இறங்குகிறது. அறை மூன்று மணிக்குத்தானாம். ஒன்பது மணி நேரம் எங்கே போவது?
- கல்லூரி மாணவர், திருச்சி

ஹோட்டலுக்கே போங்கள் தம்பி. பெட்டியை ரிசப்ஷனில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். பல் துலக்க, சட்டை மாற்றக் கீழே ஒரு கழிப்பறை இருக்கும். தேக்கா மார்க்கெட்டில் சாப்பிட்டு ஊர் சுற்றுங்கள். நடுவில் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை வந்து, அறை தயாரா என்று சிரித்த முகமாகக் கேளுங்கள். முந்தைய விருந்தாளி சீக்கிரம் காலி செய்திருந்தால், சிரித்துக் கேட்டவருக்குத்தான் முதல் சாவி கொடுப்பேன். மேனேஜரைக் கூப்பிடு என்றவருக்கு மணி மூன்று அடிக்க வேண்டும்.

ரயிலில் ஒரு விஷயம். சாங்கி விமான நிலையத்திலிருந்து ஒரே நிலையம் தள்ளி எக்ஸ்போ. அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா நிலையத்துக்கே போகலாம். ஆனால் அந்தப் பாதை ஜாலான் புசாரைத் தொட்டு, சைனாடவுன், பேஃப்ரண்ட், பூகிஸ் என்று நகரத்தையே வளைத்துக்கொண்டு வரும். உங்கள் ஹோட்டல் முஸ்தபா கடைப் பக்கம் என்றால் ஜாலான் புசாரிலேயே இறங்கி நடந்துவிடுங்கள்.

ஹோட்டலைவிட மலிவாக யாரோ வீட்டு அறை தருகிறார்களே?
- வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். சிங்கப்பூரில் தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்கு, அரசு அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். நாலு நாளைக்குத் தருகிறேன் என்பவர் சட்டத்தை மீறித்தான் தருகிறார்.

அறையில் இருக்கும் கெட்டிலில் குழந்தைக்குப் பால் காய்ச்சலாமா?
- வாசகி, ஈரோடு

தயவுசெய்து வேண்டாம். அடிப்பிடித்த கெட்டிலை இரவு இரண்டு மணிக்கு எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தவன் நான். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் பால் புட்டியை நிறுத்திச் சூடாக்குங்கள். முட்டை அவிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் அதே பதில்தான்.