2021-ல் படுக்கை கிடைத்தவர்களுக்கும் ஆக்சிஜன் கிடைக்காமல் போனது ஏன்?

"கொரோனா இரண்டாம் அலையில் நாட்டில் ஆக்சிஜன் உற்பத்திக்குக் குறைவில்லை என்றார்களே, அப்புறம் டெல்லி ஏன் தவித்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆக்சிஜன் இருந்தது, ஆனால் வெகு தொலைவில் இருந்தது. திரவ ஆக்சிஜனைப் பெருமளவில் தயாரிக்கும் இரும்பாலைகளில் பல ஒடிசா, ஜார்கண்ட் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து டெல்லிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மைனஸ் 183 டிகிரி குளிரிலேயே வைத்துக் கொண்டுவரத் தனி டேங்கர் வேண்டும். இருந்த டேங்கர்களோ சாதாரண நாட்களின் தேவைக்கு ஏற்றவை. முதல் அலையில் நாளொன்றுக்குச் சுமார் 3,000 டன்னாக இருந்த தேவை, இரண்டாம் அலையின் உச்சத்தில் 9,000 டன்னை நெருங்கியது. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களைக்கூட மாற்றியமைத்து ஓட்டினார்கள். காலி டேங்கர்களை விமானப்படை ஆலைகளுக்குத் தூக்கிச் சென்றது. நிரப்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து என்பதால், திரும்பி வருவது ரயிலிலோ சாலையிலோதான். அந்தப் பயண நேரத்தைத் தாங்கும் கையிருப்பு பல மருத்துவமனைகளில் இல்லை.

படுக்கைகளை மட்டும் எண்ணித் தயார்நிலையை அளப்பது தவறு என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் மருத்துவமனை வளாகத்திலேயே இருந்தால் டேங்கருக்காக இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி 162 இயந்திரங்களை அமைக்க 2020-லேயே திட்டமிட்டார்கள். 2021 ஏப்ரல் நடுவில் நிறுவி முடித்திருந்தவை 33 மட்டுமே. இதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.