கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் கிறிஸ்தவர்கள் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. கிறிஸ்துவுக்கு 400 ஆண்டுகளுக்கும் முன்பு சோஃபக்கிளீஸ் எழுதிய ‘ஆண்டிகனி’யைப் பாருங்கள். துரோகி என்று சொல்லி, கதாநாயகி ஆண்டிகனியின் சகோதரனுடைய உடலை அடக்கம் செய்யக் கூடாதென மன்னன் கிரியோன் தடை போடுகிறான். அவளோ தன் கையாலேயே மண்ணள்ளிப் போடுகிறாள். தெய்வங்களின் எழுதப்படாத சட்டம் உன் ஆணையைவிடப் பெரிது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். மன்னனுக்கு அஞ்சாமல் இறந்தவர்களைப் புதைத்த, கத்தோலிக்க விவிலியத்தில் வரும் தோபித்துவும், மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற இயேசுவின் சீடர் பேதுருவும் இவளுக்கு அந்நியரல்ல.

ஆனால் என்னை அதிகம் உலுக்குபவன் கிரியோன்தான். கடைசியில் மனம் மாறி, தண்டனையாகக் குகையில் அடைத்த ஆண்டிகனியை விடுவிக்க ஓடுகிறான். அதற்குள் அவள் தானே தூக்கிட்டுத் தொங்குகிறாள். பிறகு அவனுடைய மகனும் மனைவியும் தற்கொலை செய்துகொள்கிறார்கள். தவறு அவனுக்குப் புரிந்துவிட்டது, மன்னிக்கத்தான் ஆளில்லை. இயேசுவைத் தெரியாதென்று மறுதலித்துவிட்டு அழுத பேதுருவுக்கோ உயிர்த்தெழுந்த இயேசு மறுபடியும் பொறுப்பைக் கொடுத்தார்.