நரம்பில் ஓடுவது மின்சாரம்தானா?

கேள்வி: நரம்புகளில் மின்சாரம் ஓடுவதாகப் பாடப் புத்தகத்தில் படித்தேன். அப்படியானால் ஒரு மருந்து நரம்பின் வேலையை எப்படி மாற்ற முடிகிறது? — பிளஸ் டூ மாணவி ஒருவர்

பதில்: ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கடத்துவது மின்சாரமா, வேதிப்பொருளா என்று உடலியல் அறிஞர்கள் நெடுங்காலம் இரு அணிகளாக நின்று வாதாடியிருக்கிறார்கள். நரம்புச் செல்லுக்குள் செய்தி மின்சாரமாகவும், அங்கிருந்து அடுத்த செல்லுக்குப் பெரும்பாலும் வேதிப்பொருளாகவும் செல்கிறது.

மின்சாரம் என்றதும் கம்பியில் எலக்ட்ரான் ஓடுவதை நினைக்க வேண்டாம். ஓய்வில் இருக்கும் செல்லின் உட்புறத்தில் மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டல் கிடைத்ததும் சவ்வின் வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய, அந்த இடத்தில் மட்டும் நிலை தலைகீழாகிறது. பின்னாலேயே பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலையை மீட்கின்றன. இந்த மாற்றம் அடுத்த இடத்தைத் தூண்ட, திரியில் நெருப்பு ஏறுவதுபோல் செய்தி நகர்கிறது. இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இதை அளந்தது, நம் மீன் சந்தையில் ஊசிக்கணவாய் என்று விற்கிறார்களே, அந்த வகை உயிரினத்தின் பருத்த நரம்பிழையில்தான். 1952-இல் வெளியிட்ட சமன்பாடுகளுக்கான கணக்குகளை ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப்பொறியில் போட்டுத் தீர்த்தார்.

செல்லின் முனையில் ஒரு சிறு இடைவெளி குறுக்கிடுகிறது. அதைச் செய்தி எப்படிக் கடக்கிறது என்பதற்கு, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி 1921-இல் வெளியிட்ட சோதனை விடை தந்தது. அதற்கான யோசனை அவருக்குக் கனவில் வந்ததாம். இரவில் கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு அதே யோசனை திரும்ப வந்ததும் நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். பிறகு அந்தக் கரைசலை நரம்பு நீக்கிய இன்னொரு இதயத்தில் செலுத்த, அதுவும் மெதுவாயிற்று. கரைசலோடு போனது வேதிப்பொருளாகத்தானே இருக்க முடியும்! அது அசிட்டைல்கோலின் என்பது பின்னர் தெளிவானது. 1936-இல் லோவியும், இதே துறையில் ஆய்வு செய்த இங்கிலாந்தின் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதயத்தை மெதுவாக்கும் இதே அசிட்டைல்கோலின் கை கால் தசைகளைச் சுருங்க வைக்கிறது. பெறுகிற செல்லில் அந்த வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பான ஏற்பியே விளைவை முடிவு செய்கிறது. உங்கள் கேள்விக்கான விடையும் அந்த ஏற்பியில்தான் இருக்கிறது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் இதயத்தின் ஏற்பிகளை அடைத்துக்கொள்வதால், வேகஸ் நரம்பில் மின்துடிப்பு வழக்கம்போல் வந்தாலும் இதயம் அதற்குப் பணியாமல் வேகமாகத் துடிக்கிறது.

கேள்வி: மின்சாரம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு நேரடியாகப் போவதே இல்லையா?

பதில்: போவதுண்டு. சிங்கி இறாலின் நன்னீர் உறவினமான கிரேஃபிஷில் ஃபர்ஷ்பன், பாட்டர் என்ற ஆய்வாளர்கள் 1959-இல் இதைக் காட்டினார்கள். ஆபத்தைக் கண்டு வாலை அடித்துத் தப்பும் நரம்புப் பாதை அது.