உள்ளங்கை மஞ்சளும் 88 வெள்ளி மாத்திரையும்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். பசார் மாலாமில் ஒருவர், “இயற்கையானது, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும்” என்று சொல்லி விற்ற பீட்டா கரோட்டின் மாத்திரையை ஒரு போத்தல் 88 வெள்ளிக்கு வாங்கினேன். நானும் புகைபிடிக்கும் என் கணவரும் இரண்டு மாதங்களாகச் சாப்பிடுகிறோம். என் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. வைட்டமின் ஏ மிகையாகிவிட்டதா? இதைவிடச் சிவப்புச் செம்பனை எண்ணெய் மேலா?

பதில்: உங்கள் கணவர் அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. பீட்டா கரோட்டின் இயல்பாகவே உள்ள கேரட்டுக்கும் கீரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாது.

அடுத்து, உங்கள் கை. கண்ணாடியில் வெள்ளைவிழியைப் பாருங்கள். அதுவும் மஞ்சளித்திருந்தால் காமாலையாக இருக்கலாம். உடனே கிளினிக்கிற்குச் செல்லுங்கள். விழி வெளுப்பாகவே இருந்தால், அது பெரும்பாலும் வைட்டமினாக மாறாமல் தோலில் தங்கிவிட்ட கரோட்டின். மாத்திரையை நிறுத்தியபின் மெல்ல மங்கும். கொடுத்த 88 வெள்ளியில் ஒரு பங்கு கைக்குச் சாயம் பூசத்தான் போயிருக்கிறது.

சிறுகுடலின் உட்சுவர் உயிரணுக்களில் உள்ள ஒரு நொதி, 40 கார்பன் அணுக்கள் கொண்ட பீட்டா கரோட்டினைச் சரிநடுவில் வெட்டுகிறது. கிடைக்கும் பாதிகள் ரெட்டினால் எனும் வைட்டமின் ஏ-ஆக மாறி, கொழுப்புத் துளிகளோடு நிணநீர் வழியாகச் சென்று, பெரும்பகுதி கல்லீரலில் சேமிக்கப்படுகிறது. உடலில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருக்கும்போது, அதிலிருந்து உண்டாகும் ரெட்டினோயிக் அமிலமே அந்த நொதியின் உற்பத்தியையும், கரோட்டினைக் குடலுக்குள் இழுக்கும் புரதத்தையும் குறைத்துவிடுகிறது. ஆகவே விற்றவர் சொன்னதற்கு நேர்மாறாக, குடல் தேவைக்கு மேல் மாற்றுவதைக் குறைத்துக்கொள்கிறது. கரோட்டினால் உடலில் வைட்டமின் ஏ நஞ்சாகும் அளவுக்குச் சேர்வதில்லை. ஆனால் போத்தலில் ‘ரெட்டினைல் பால்மிடேட்’ என்றிருந்தால் அது ஆயத்தமான வைட்டமின் ஏ. அதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இனி எண்ணெய். செம்பனைப் பழத்தை நகத்தால் கீறினால் விரலில் ஒட்டுகிறதே, அந்த ஆரஞ்சு நிறம்தான் கரோட்டின். 2.50 வெள்ளி பாக்கெட் செம்பனை எண்ணெயில் அந்த நிறத்தைச் சுத்திகரிப்பின்போது நீக்கிவிடுகிறார்கள்; சிவப்பு எண்ணெயில் விட்டுவைக்கிறார்கள். பொதுவாக உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினும், எண்ணெயில் கரைந்த 2 மைக்ரோகிராமும் தலா 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமமாகக் கணக்கிடப்படுகின்றன. எனவே சிவப்பு எண்ணெய் நல்ல பொருள்தான். ஆனால் அதில் வடை பொரித்தால் நீண்ட சூட்டில் கரோட்டின் அழிந்து, காசு வீணாகும். கொல்லையில் முருங்கை இருந்தால் சிவப்பு எண்ணெயை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. கீரையைத் தாளிக்கும்போது எந்த எண்ணெயானாலும் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் போதும். கொழுப்பில்லாமல் வெறுமனே வேகவைத்தால்தான் கரோட்டின் குடலுக்குள் சரியாகச் சேராது.

மாத்திரைப் போத்தலில் ‘எம்ஏஎல்’ (MAL) எனத் தொடங்கும் மருந்துப் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம். பசார் மாலாமில் ரசீது தந்திருக்க மாட்டார்கள். அதனால் போத்தலை வீசிவிடாதீர்கள்.