கொலுசுக் கடை தளத்துக்கு விபிஎஸ்ஸில் எந்த ஓஎஸ் போடலாம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள உங்கள் வெள்ளிக் கொலுசுக் கடைக்கு வேர்ட்பிரஸ் தளம், அதற்கு 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்), இதில் ஓஎஸ்ஸாக (இயங்குதளமாக) டெபியனா உபுண்டுவா சென்ட்ஓஎஸா விண்டோஸா என்று கேட்டிருக்கிறீர்கள். டெபியன் போடுங்கள். அது ராமை அதிகம் பிடிக்காது, மிச்சம் வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பிக்கும் தளத்தின் தரவுகளை வைத்திருக்கும் மரியாடிபிக்கும் கிடைக்கும், கொலுசுப் படங்களை ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் பல அளவில் சிறுபடம் உருவாகும் நேரத்தில்தான் ராம் திணறும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. முதல் நாளே 1 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பும் (ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தீபாவளிக் கூட்டத்தில் ராம் தீர்ந்து, கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) பெரும்பாலும் மரியாடிபியைத்தான் நிறுத்தும், தளமும் படுத்துவிடும்.

லினக்ஸே (டெபியன், உபுண்டு, சென்ட்ஓஎஸ் எல்லாம் இதன் வகைகள்) புதிது என்றால் உபுண்டு 24.04 எல்டிஎஸ்ஸும் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) நல்லதுதான், 5 வருடம் பாதுகாப்பு அப்டேட் உண்டு, இணையத்தில் வழிகாட்டிகளும் ஏராளம். விபிஎஸ் நிறுவனம் தரும் ஓஎஸ் பட்டியலில் சென்ட்ஓஎஸ் 7 இருந்தாலும் தொடாதீர்கள், அதன் ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. சிபேனல் (பிரௌசரிலேயே சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) வேண்டுமா, அப்போது சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றான ஆல்மாலினக்ஸ் எடுங்கள், ஆனால் 1 ஜிபி பத்தாது. விண்டோஸ் வேண்டாம், லைசென்ஸ் காசு தனி, உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸில் ஓடுவதற்கும் சர்வருக்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம், தானியங்கி அப்டேட்டை ஆன் செய்துவிட்டு, பாஸ்வேர்டு லாகினை அடைத்து, எஸ்எஸ்எச் சாவியால் (உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பு) மட்டும் உள்ளே போங்கள்.