பிராக் நகரில் காலையில் நடை, மாலையில் படகு: கேள்வி பதில்

செக் குடியரசின் தலைநகர் பிராகுக்கு நான் குடிவந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு பழைய நகரத்தைச் சுற்றுவேன். சாயங்காலம் வல்தாவா ஆற்றில் படகேற்றிவிடுவேன். அதைப் பற்றிப் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து: ஜூன் மாதம் இரண்டே நாள் பிராகில் இருப்போம். வழிகாட்டியோடு நடப்பது, படகுச் சவாரி இரண்டும் ஆசை. எதை முதலில் வைத்துக்கொள்வது?

நடையை முதலில் வையுங்கள். காலையில் நடை, அதே நாள் சாயங்காலம் படகு. ஜூனில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், அதனால் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டுக்கூடப் படகேறலாம்.

ஏன் இந்த வரிசை என்றால், இது ஆற்றோடு மல்லுக்கட்டி வளர்ந்த ஊர். 13ஆம் நூற்றாண்டில் வெள்ளத்துக்குத் தப்பிக்கப் பழைய நகரத்தின் தரையையே இரண்டு மூன்று மீட்டர் மண் கொட்டி உயர்த்தினார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகளின் தரைத்தளம் எல்லாம் பூமிக்குள் போய் நிலவறை ஆகிவிட்டது. பழைய நகர மண்டபத்தின் அடியில் இன்றைக்கும் இறங்கிப் பார்க்கலாம். சில உணவகங்களும் அப்படிப்பட்ட நிலவறைகளில்தான் நடக்கின்றன. அப்படி ஒன்றில் நான் சாப்பிட உட்கார்ந்த மேசைக்குப் பக்கத்துச் சுவரில், வெட்டிய கல்லால் ஆன சிறிய சன்னல் இருந்தது. விளிம்புக் கல் கைபட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. சன்னலுக்கு அந்தப் பக்கம் வெறும் மண். எட்டு நூறு வருடங்களுக்கு முன் அதன் வழியாக யாரோ தெருவைப் பார்த்திருக்கிறார்கள். இதைக் காலையில் பார்த்துவிட்டு மாலையில் படகேறினால், கரையில் அவ்வளவு உயரமாகக் கட்டியிருக்கும் கற்சுவர் எதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து: இலவச நடை என்று விளம்பரம் பார்த்தேன். நிஜமாகவே இலவசமா?

இல்லை. கட்டணம் கிடையாது, ஆனால் முடிவில் அன்பளிப்பு கொடுக்க வேண்டும். வழிகாட்டியின் வருமானமே அதுதான். இரண்டரை மணி நேரம் தொண்டை வறளப் பேசுகிறவருக்கு ஆளுக்கு 200 முதல் 300 கொருனா (செக் நாட்டுப் பணம்) கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. பழைய நகரச் சதுக்கத்தில் காலை பத்து மணி வாக்கில் கலர் கலராகக் குடை பிடித்து நிற்பார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

குழு பெரிதாக இருந்தால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. நாலைந்து பேராக வருகிறீர்கள் என்றால், பணம் கட்டித் தனியாக ஒரு வழிகாட்டியை வைத்துக்கொள்வதே மேல். யோசெஃபோவ் என்ற யூதர் பகுதிக்காவது அப்படிப் போங்கள். அங்கே பின்காஸ் ஜெபக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட செக் நாட்டு யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில் இருக்கும். அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்போது யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

திருச்சியிலிருந்து: அண்ணா, அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி உண்டு. அவரால் நடக்க முடியுமா?

முடியும், திட்டம் போட்டு நடந்தால். பிராகில் பிரச்சினை தூரம் இல்லை, தரைதான். பழைய நகரம் முழுக்கச் சின்னச் சின்னக் கற்கள் பதித்த தெருக்கள். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டால் ஒரு மணி நேரத்தில் பாதம் எரியும். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ வாங்கிக்கொடுங்கள். மழை பெய்தால் கல் வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிராக் கோட்டை ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. அம்மாவைக் கீழிருந்து படியேற விடாதீர்கள். 22ஆம் எண் டிராமில் மேலே போய்விட்டால் கோட்டைக்குள் சமதரையாகவே நடக்கலாம். டிராம் டிக்கெட்டை ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள். குத்தாத டிக்கெட் செல்லாது, அபராதம் போடுவார்கள். நகர மண்டபக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. படகுத்துறைக்கு மட்டும் தெருவிலிருந்து படி இறங்க வேண்டியிருக்கலாம், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: சார்லஸ் பாலத்தில் 30 சிலைகள் இருப்பதாகப் படித்தேன். எதைத்தான் பார்ப்பது?

தூத்துக்குடி என்றதும் எனக்கு மகிழ்ச்சி. உங்களுக்கென்றே அங்கே ஒரு சிலை இருக்கிறது. பழைய நகரப் பக்கமிருந்து நடந்தால் இடது கையில் ஐந்தாவது. பிரான்சிஸ் சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களிடையே வேலை செய்த, மணப்பாட்டுக் குகையில் தங்கியிருந்த அதே சவேரியார்தான். பிரோகோஃப் என்ற சிற்பி 1711இல் செதுக்கியது. சவேரியார் சிலுவையை உயர்த்திப் பிடித்திருப்பார். கீழே கீழைநாட்டு மனிதர்கள் அவர் நிற்கும் பீடத்தைத் தோளில் தாங்குவார்கள். ஞானஸ்நானம் வாங்க ஒரு இளவரசன் மண்டியிட்டிருப்பான். நம் கடற்கரையைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் கற்பனையில் செதுக்கியது என்பது முகங்களைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தலைப்பாகைகளைச் சற்று நேரம் நின்று பாருங்கள்.

1890 செப்டம்பர் வெள்ளத்தில் ஆற்றில் வந்த மரக்கட்டைகள் பாலத்தில் மோதி அடைத்துக்கொண்டு மூன்று வளைவுகள் இடிந்தன. அப்போது இந்தச் சவேரியாரும், எதிரே நின்ற இக்னேஷியஸ் லயோலா என்ற புனிதரும் ஆற்றில் விழுந்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் சவேரியார் நகல். பாலத்தின் மற்றச் சிலைகளிலும் பல நகல்களே. மூலங்களை மழையிலும் புகையிலும் கெடாமல் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள்.

வலது பக்கம் எட்டாவதாக நிற்பவர் நெபோமுக்கின் யோவான். 1393இல் அரசன் உத்தரவால் ஆற்றில் தள்ளப்பட்டவர். அவர் பீடத்திலுள்ள வெண்கலத் தகட்டைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று எல்லோரும் தொட்டுத் தொட்டு அது பொன்னாக மின்னுகிறது.

பாலமே வெள்ளத்தின் பிள்ளைதான். அதற்கு முன்பிருந்த யூதித் பாலம் 1342 வெள்ளத்தில் போனது. நான்காம் சார்லஸ் மன்னன் புதிய பாலத்துக்கு 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5:31க்கு அடிக்கல் நாட்டியதாகச் சொல்கிறார்கள். வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. முகூர்த்தம் பார்த்துக் கடைக்கால் எடுக்கிற நமக்கு இது புரியாதா என்ன! காரையில் முட்டை கலந்தார்கள் என்ற கதையும் உண்டு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்கள் அதை உடனே நம்பிவிடுவார்கள்.

காலை ஏழு மணிக்கு முன் போங்கள். பத்து மணிக்கு மேல் அந்த 516 மீட்டரும் தலைகள்தான்.

பெங்களூரிலிருந்து: ஒரு மணி நேரப் படகு, இரண்டு மணி நேரம், இரவு விருந்தோடு என்று பல வகை இருக்கிறது. எது நல்லது?

விருந்துப் படகை நான் யாருக்கும் சொல்வதில்லை. கண்ணாடிக்குள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஊர் கடந்து போய்விடும். குளிர்காலம் என்றால் அது சரி, வெளியே நிற்க முடியாது.

முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரப் படகு போதும். பெரும்பாலும் செக் பாலத்தருகே கிளம்பி, சார்லஸ் பாலத்தின் கீழ் போய், அதற்கு மேலே இருக்கும் அணைக்கட்டுக்கு முன்பாகத் திரும்பிவிடும். அணைக்கட்டு என்றால் நம் கல்லணை மாதிரி தாழ்வான தடுப்புதான். முன்பு மாவு மில்களுக்குத் தண்ணீர் திருப்பக் கட்டியது. அதைத் தாண்டிப் படகு நேரே போக முடியாது.

அதனால்தான் இரண்டு மணி நேரப் பயணம் எனக்கு அதிகம் பிடிக்கும். அது ஸ்மிஹோவ் பக்கம் உள்ள நீர்ப்பூட்டு வழியாக மேலே போகும். படகு ஒரு கற்தொட்டிக்குள் நுழையும். பின்னால் கதவு மூடும். பிறகு தண்ணீர் ஏற ஏறப் படகும் சத்தமில்லாமல் உயரும். கைக்கெட்டும் தூரத்தில் ஈரமான கற்சுவர், அதில் பாசி. அது மெதுவாகக் கீழே இறங்குவது போலத் தெரியும். முன்கதவு திறந்ததும் நீங்கள் மேல்மட்ட ஆற்றில் இருப்பீர்கள். குழந்தைகள் இதைப் பார்த்துவிட்டுக் கோட்டையைக்கூட மறந்துவிடுகிறார்கள். இந்தப் பயணத்தில் நேஷனல் தியேட்டர், 1996இல் முடிந்த 'ஆடும் வீடு' என்ற வளைந்த கட்டடம், விஷேஹ்ராத் குன்று என்று வரும். தியேட்டர் மக்கள் காசு சேர்த்துக் கட்டியது. 1881இல் திறந்த சில வாரங்களிலேயே எரிந்துபோனது. மறுபடியும் காசு சேர்த்து 1883இல் திறந்தார்கள்.

சார்லஸ் பாலத்தடியில் கிளம்பும் சிறு படகுகளும் உண்டு. அவை கம்பா தீவைப் பிரிக்கும் செர்தோவ்கா வாய்க்காலுக்குள் நுழையும். பழைய மில்லின் பெரிய மரச்சக்கரம் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது. குடும்பமாக வந்தால் அதுவும் அருமை.

கோவையிலிருந்து: பழைய நகர மண்டபத்தில் உள்ள வானியல் கடிகாரத்தைப் பார்க்க நிற்பது வீண் என்கிறார்களே?

மணியடிக்கும்போது அப்போஸ்தலர்களின் (இயேசுவின் சீடர்கள்) பொம்மைகள் வந்து போவதை மட்டும் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஏமாற்றமாகத்தான் இருக்கும். கூட்டம் கலைந்ததும் கிட்டே போய் முகப்பைப் பாருங்கள். 1410இல் செய்தது. உள்ளே சிறிய வளையத்தில் பன்னிரண்டு ராசிகள். சூரிய முள் எந்த ராசியில் நிற்கிறது என்று படிக்கலாம். நம் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் போகாது. அவர்களுக்கு மேஷம் மார்ச் 21 வாக்கில் தொடங்கும், நமக்குச் சித்திரை ஒன்றுக்கு. வெளிவளையத்தில் பழைய செக் எண்கள் 1 முதல் 24 வரை இருக்கும். அந்தக் கணக்கில் சூரியன் மறையும்போது ஒரு நாள் முடிந்து அடுத்தது தொடங்கும். நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம், அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து: சுத்த சைவம். பட்டினியா?

இல்லை. இந்திய உணவகங்கள் நிறைய உண்டு. செக் சாப்பாட்டில் பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கு சூப் கேட்டால் இறைச்சி வேகவைத்த சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து: யூரோ எடுத்து வரலாமா?

இங்கே கொருனாதான். நான் வந்த புதிதில் 'கமிஷன் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒரு கடையில் பணம் மாற்றினேன். விகிதத்தைப் பார்க்கவில்லை. கையில் வந்தது கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. திருப்பிக் கேட்டதற்கு முடியாது என்றுவிட்டார்கள். இன்று நிலைமை மாறிவிட்டது. 2019இல் வந்த சட்டப்படி, மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால், ஆயிரம் யூரோ மதிப்பு வரைக்கும் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஏடிஎம்மில் உங்கள் பணத்திலா, கொருனாவிலா என்று கேட்டால் கொருனாவையே அழுத்துங்கள்.

சிதம்பரத்திலிருந்து, தமிழ் மாணவி: செக் தமிழறிஞர் கமில் சுவலபில் வாழ்ந்த ஊர்தானே? அவர் தொடர்பாக எதையாவது பார்க்க முடியுமா?

ஆமாம், அவர் பிறந்த ஊர். 1927இல் பிராகில் பிறந்து, இங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே தமிழும் திராவிட மொழியியலும் கற்பித்தவர். 1968இல் சோவியத் படைகள் நுழைந்தபின் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. படகில் போகும்போது மானேஸ் பாலத்தருகே பழைய நகரப் பக்கம் யான் பாலாக் சதுக்கம் வரும். அங்கே தெரியும் பெரிய கட்டடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவர் பாலாக்கும் அங்கே படித்தவர்தான். நான் தமிழர்களோடு போகும்போது அந்த இடத்தில் இரண்டு பேர் பெயரையும் சொல்லாமல் கடந்ததில்லை.

ஈரோட்டிலிருந்து: வெள்ளம் பற்றிக் கேட்டால் பயமாக இருக்கிறது. படகில் எந்தப் பக்கம் உட்காருவது என்றும் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டாம், நீர்மட்டம் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். மேலே ஸ்லாபி, ஓர்லீக் அணைகள் இருக்கின்றன. ஆனாலும் 2002 ஆகஸ்டில் அவையும் தாங்கவில்லை. ஆகஸ்ட் 14 அன்று விநாடிக்கு 5,160 கன மீட்டர் தண்ணீர் பிராகைக் கடந்தது. சாதாரண நாளில் ஓடுவது 150 அளவில்தான். மெட்ரோ சுரங்கங்கள் மூழ்கின, கம்பா தீவு மூழ்கியது. பழைய நகரம் தப்பியதற்குக் காரணம், கழற்றி மாட்டும் தடுப்புச் சுவர் அந்தப் பக்கம் மட்டும் அதற்குள் தயாராகியிருந்ததுதான்.

உட்காரும் இடம்: மேல்தளம், போகும்போது வலது பக்கம். கோட்டை அந்தப் பக்கம்தான். சார்லஸ் பாலம் நெருங்கும்போது மட்டும் எழுந்து இடது பக்கம் வந்துவிடுங்கள். கரைச்சுவரில் தாடிவைத்த ஒரு கல்முகம் பதித்திருக்கும், பிரதாச் என்று பெயர். பழைய யூதித் பாலத்தில் இருந்தது. அளவுகோல்கள் வருவதற்கு முன் இந்த ஊர்க்காரர்கள் வெள்ளத்தை அவன் முகத்தை வைத்துத்தான் கணித்தார்கள். தண்ணீர் தாடியைத் தொட்டால் கரையோர வீடுகளில் சாமான்களை மேலே ஏற்றுவார்கள். வழுக்கைத் தலை மூழ்கினால் பழைய நகரச் சதுக்கத்துக்கே தண்ணீர் வந்துவிடும் என்று அர்த்தம். சின்ன முகம், படகு வேகமாகக் கடந்துவிடும். செல்போனை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.